பழுதான இரண்டிலிருந்து பாவிக்கக்கூடிய ஒன்று
பழைய கமரா வில்லைகளைத் திருத்தும் கைத்தொழில் பற்றிய ஒரு பார்வை

எமது வீடுகளில் பழுதான பொருட்களுக்கென்று ஓர் இடம் எப்போதும் உண்டு. அலுமாரியின் மேல்தட்டு, கட்டிலுக்குக் கீழே கிடக்கும் ரங்குப்பெட்டி, கோடிப்புறத்துக் கொட்டில் என்று அது வீட்டுக்கு வீடு மாறும். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களின் வீடுகளில் இந்தப் பொருட்கள் மிகக் குறைவு. ஆனால் மிஞ்சியிருப்பவற்றை எவரும் இலேசில் எறிவதில்லை. ஓடாத மணிக்கூடு, ஒரு பக்கக் கண்ணாடி போன மூக்குக்கண்ணாடி, படம் பிடிக்காத பழைய கமரா ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும்.

இவற்றுள் கமராவைப் பற்றியே இங்கு பேசப்போகிறோம். குறிப்பாக அதன் முன்புறத்தில் உருளை வடிவில் இருக்கும் வில்லையைப் பற்றி. நாங்கள் லென்ஸ் என்று சொல்லும் அந்தப் பாகம் பழுதடைந்தால் அதற்குப் புதிய உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது. செய்த தொழிற்சாலைகளில் பல அந்த வகையைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. அப்படியானால் உலகெங்கும் பழைய வில்லைகளை இன்னும் எப்படிப் பாவிக்கிறார்கள்? விடை எளியது. பழுதான வேறொரு வில்லையிலிருந்து நல்ல பாகத்தைக் கழற்றி இதில் போடுகிறார்கள். இரண்டு பழுதிலிருந்து ஒரு நல்லது கிடைக்கிறது.

விடை எளியதே தவிர வேலை எளியதல்ல. எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும், எதைத் தொடக்கூடாது என்பதே இத்தொழிலின் அறிவு. இதைச் சொல்வதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்னும் வில்லையே அது. இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. இந்த வில்லையின் கதையே ஒரு யுத்தத்தின் கதை.

யுத்தம் இடம்மாற்றிய கண்ணாடி

ஜேர்மனியில் யேனா என்றொரு நகரம் உண்டு. 1846 இல் கார்ல் சைஸ் என்பவர் அங்கு ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார். பின்னாளில் அது உலகின் மிகப் பெரிய ஒளியியல் கருவித் தொழிற்சாலைகளுள் ஒன்றானது. வில்லி மெர்ற்றே என்னும் வல்லுநர் அங்கு பயோற்றார் என்ற வில்லையை வடிவமைத்தார். 1930களில் அதன் 58 மில்லிமீற்றர் வகை சிறிய கமராக்களுக்காகச் செய்யப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அதே தொழிற்சாலை இராணுவத் தேவைகளுக்கான கருவிகளைச் செய்தது. வேறு நாடுகளிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட ஆண்களும் பெண்களும் அங்கு வேலை வாங்கப்பட்டார்கள். அழகான கருவிகளின் பின்னாலும் இப்படியான வரலாறு உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினர் யேனாவுக்குள் வந்தனர். அந்நகரம் சோவியத் தரப்பிடம் கையளிக்கப்பட இருந்ததால், புறப்படும்போது தொழிற்சாலையின் முக்கிய விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் மேற்குப் பக்கம் கொண்டுசென்றனர். அவர்களைக் கொண்டு 1946 இல் ஒபர்கொக்கன் என்ற ஊரில் புதிய தொழிற்சாலை ஆரம்பிக்கப்பட்டது. யேனாவில் எஞ்சியிருந்த இயந்திரங்களின் பெரும்பகுதியைச் சோவியத் தரப்பு யுத்த நட்டஈடாகக் கழற்றி எடுத்துச் சென்றது. 1946 ஒக்ரோபர் 22 ஆம் திகதி கிழக்கு ஜேர்மனியின் பல இடங்களில் விடியும் முன் கதவுகள் தட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான வல்லுநர்கள் குடும்பங்களோடு ரயிலில் ஏற்றப்பட்டு சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களுள் யேனாவின் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. பல ஆண்டுகள் கழித்தே அவர்களால் திரும்ப முடிந்தது. கையில் எடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட அந்தக் குடும்பங்களின் பெண்களை நினைத்துப் பார்க்க எமக்கு அதிக கற்பனை தேவையில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மொஸ்கோவுக்கு அருகில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற இடத்தில் ஓர் ஒளியியல் தொழிற்சாலை இருந்தது. 1941 இல் ஜேர்மன் படை நெருங்கியபோது அது முழுவதுமாகச் சைபீரியாவிலுள்ள நொவொசிபிர்ஸ்க் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. வெறுமையாகிய அதே கட்டடங்களில் 1942 இல் புதிய தொழிற்சாலை தொடங்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் ஜேர்மன் வில்லைகளின் வடிவமைப்புகள் இங்கு வந்து சேர்ந்தன. ஆரம்பத்தில் ஜேர்மன் கண்ணாடியைக் கொண்டே சில வில்லைகள் இங்கு பொருத்தப்பட்டன. பின்னர் தமது நாட்டுக் கண்ணாடிக்கு ஏற்றபடி கணக்குகளை மீளச் செய்தார்கள். அப்படி பயோற்றாரின் வழியில் பிறந்ததே ஹீலியோஸ்-44. 1958 இல் வெளிவந்த ஒரு கமராவோடு அது வந்தது. அதன் 44-2 என்னும் வகை செனித் கமராக்களோடு உலகெங்கும் சென்றது.

இடம்பெயர்ந்த தொழிற்சாலையில், இடம்மாற்றப்பட்ட அறிவைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு பொருள் அது. அப்படிப்பட்டது இன்று பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு, மீண்டும் பொருத்தப்பட்டுப் பாவனையில் இருக்கிறது. உக்ரேனைச் சேர்ந்த அயன்கிளாஸ் என்ற நிறுவனம் பழைய சோவியத் வில்லைகளின் கண்ணாடிகளை எடுத்து, சினிமாக் கமராவுக்கு ஏற்ற புதிய உலோக உடலில் பொருத்திக் கொடுக்கிறது. 2024 இல் வெளிவந்த ‘டியூன்’ இரண்டாம் பாகம் திரைப்படத்துக்கு அத்தகைய வில்லைகள் பயன்பட்டன. பழையது என்று ஒதுக்கப்பட்ட கண்ணாடிக்கு இன்று இப்படியும் ஒரு வாழ்வு இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

இக்கட்டுரையில் ‘வில்லை’ என்பது முழு லென்ஸையும், ‘கண்ணாடி’ என்பது அதற்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் குறிக்கும்.

ஹீலியோஸ் 44-2 இல் ஆறு கண்ணாடிகள் உள்ளன. முன்னால் தனியாக ஒன்று. அதன் பின்னால் இரண்டு கண்ணாடிகள் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒரு சோடி. நடுவில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் எட்டு மெல்லிய உலோகத் தகடுகள். எமது கண்மணியைப் போல அவை விரிந்து சுருங்கும். அதற்குப் பின்னால் இன்னொரு ஒட்டிய சோடி. கடைசியில் தனியாக ஒன்று. இவை அனைத்தும் சேர்ந்து ஒரு தொகுதி.

இந்தத் தொகுதியைத் தாங்கி, முன்னும் பின்னும் நகர்த்தும் உலோக உடல் இன்னொரு தொகுதி. கிட்ட இருப்பதையும் தூர இருப்பதையும் தெளிவாக்குவதற்கு நாம் திருகும் வளையம் இந்த உடலிலேயே இருக்கிறது. ஒரு திருகுப் புரிக்குள் இன்னொரு திருகுப் புரி ஓடுவதே அதன் இயக்கம். அதற்குள் பூசப்பட்ட கிறீஸ் காலப்போக்கில் காய்ந்து இறுகிவிடும். அப்போது வளையம் அசையாது.

ஆகவே ஒரு பழைய வில்லை பழுதாவதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள் இருக்கும். கண்ணாடியில் பங்கசு பிடித்தல், கண்ணாடி கீறுதல் அல்லது உடைதல், தகடுகளில் எண்ணெய் படிந்து ஒட்டிக்கொள்ளுதல், உடல் நசிந்து அல்லது கிறீஸ் இறுகி அசையாமல் போதல். இரண்டு வில்லைகள் ஒரே காரணத்தால் பழுதாவது குறைவு. ஒன்றின் கண்ணாடி கெட்டிருந்தால் உடல் நன்றாயிருக்கும். விழுந்து நசிந்த மற்றொன்றின் உள்ளே கண்ணாடி பளிச்சென்று இருக்கும். பாகம் மாற்றும் தொழில் இந்த வித்தியாசத்திலேயே நிற்கிறது.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது

முதலாவது விதி, அதே வகைக்கு அதே வகை. 44-2 க்கு இன்னொரு 44-2 தான் சரி. பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளேயும் ஒன்று என்று நினைக்கக்கூடாது. ஆரம்பகால ஹீலியோஸ்-44 இல் பதின்மூன்று தகடுகள் இருந்தன. 44-2 இல் இருப்பவை எட்டு. பயோற்றாரும் ஹீலியோஸும் ஒரு தாயின் பிள்ளைகள் போலத் தெரியும். ஆனால் கண்ணாடியின் இரகம் மாறியதால் கணக்கும் மாறிவிட்டது. ஒன்றின் கண்ணாடியை மற்றதில் போட்டால் படம் தெளியாது.

இரண்டாவது விதி, கூடியவரை தொகுதியாக மாற்ற வேண்டும். 44-2 வகை ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது. கிராஸ்னகோர்ஸ்கைத் தவிர வல்டாயிலும் செய்தார்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. ஒரே தொழிற்சாலையிலும் கண்ணாடிகளுக்கிடையேயான தூரத்தை ஒவ்வொரு வில்லைக்கும் பார்த்தே சரிசெய்தார்கள். இதனால் ஆறு கண்ணாடிகளில் ஒன்றை மட்டும் மாற்றினால் சில வேளை நன்றாக வரும், சில வேளை படத்தின் ஓரம் ஒரு பக்கம் மங்கும். கண்ணாடித் தொகுதி முழுவதையும் அப்படியே ஓர் உடலிலிருந்து மற்ற உடலுக்கு மாற்றினால் அந்த ஆபத்து குறைவு. முடியாதபோது முன்பாதி முழுவதையும் அல்லது பின்பாதி முழுவதையும் மாற்றலாம்.

மூன்றாவது விதி, ஒட்டிய சோடியைப் பிரிக்கக் கூடாது. அந்த இரண்டு கண்ணாடிகளும் ஒரு பிசினால் ஒட்டப்பட்டவை. சூடு காட்டினாலோ கரைப்பானில் ஊறவிட்டாலோ பிசின் இளகி வெள்ளை மூட்டம் போடும். அதை மீள ஒட்டுவது ஆய்வுகூட வசதி உள்ளவர்களின் வேலை.

வளையங்கள், திருகாணிகள், தகடுகள், உலோக உடல் ஆகியவற்றைத் தயக்கமின்றி மாற்றலாம். இத்தொழிலில் அதிகம் தேவைப்படுவதும் இவைதான். ஒரு சிறு திருகாணி இல்லாமையால் மட்டும் கிடப்பில் போன வில்லைகள் எத்தனையோ.

“அவற்ற கமராதானே?”

இந்த இடத்தில் வன்னிக் கிராமமொன்றில் நான் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயரைத் தவிர்க்கிறேன். அவரது கணவர் கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் படம் பிடித்தவர். 2009 இல் காணாமல் போனவர். அவருடைய பழைய செனித் கமரா வவுனியாவில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பியது. பல ஆண்டுகள் பெட்டிக்குள் இருந்ததில் வில்லையின் முன் கண்ணாடியில் பங்கசு வேர்விட்டிருந்தது. வளையமும் இறுகியிருந்தது.

மகள் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்கிறாள். அவள் உடல் நசிந்த இன்னொரு 44-2 வில்லையை மலிவாக வாங்கி வந்து, கருவிகள் திருத்தும் ஒருவரிடம் தாயையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, தகப்பனின் வில்லையின் உடலைக் கழுவி மீண்டும் பாவிக்கலாம், கண்ணாடித் தொகுதியை மற்றதிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். தாய் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

“கண்ணாடிய மாத்திப்போட்டா, பிறகும் இது அவற்ற கமராதானே அண்ணை?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வளையத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். விரல் பிடிக்கும் இடத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் வெளுத்திருந்தது.

“இது அவற்ற விரல் தேய்ச்ச இடம், தங்கச்சி. இத நான் தொடமாட்டன். கழட்டுற கண்ணாடியையும் சுத்தித் தாறன், நீங்களே வைச்சிருங்கோ.”

அவர் சம்மதித்தார். இன்று அந்த வில்லை ஓர் இணைப்பு வளையத்தின் உதவியோடு மகளின் டிஜிற்றல் கமராவில் வேலை செய்கிறது. கழற்றிய கண்ணாடி ஒரு சிறிய ரின்னுக்குள் பஞ்சில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

இதைச் சொல்வதால், உடைந்த வாழ்வையும் இப்படிப் பாகம் மாற்றிச் சரிசெய்யலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மனிதருக்கு மாற்றுப் பாகம் கிடையாது. “நடந்ததை மறந்து புதிசாத் தொடங்குங்கோ” என்று எமது பெண்களுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்கிறார்கள். அந்தத் தாய் புதிதாகத் தொடங்கவில்லை. எதை வைத்திருப்பது, எதை மாற்றுவது என்று தானே தீர்மானித்தார். திருத்துபவரும் அவரைக் கேட்டே செய்தார். திருத்தும் தொழிலின் ஒழுக்கம் அதுதான்.

கழற்றுவதும் பொருத்துவதும்

செய்து பார்க்க விரும்பும் சகோதரிகள் முதலில் பெறுமதியில்லாத, முற்றாகக் கெட்ட ஒரு வில்லையில் பழக வேண்டும். ஞாபகமாக வைத்திருக்கும் பொருளில் கை பழகக் கூடாது.

தேவையானவை அதிகமில்லை. முனை தேயாத சிறிய ஸ்குரூ ட்ரைவர்கள், வளையங்களைத் திருக இரு முனையுள்ள திறவுகோல், முன் வளையத்தைத் திருக இறப்பர் அடைப்பான் ஒன்று, மென்மையான தூரிகை, காற்றூதும் இறப்பர்ப் பந்து, பஞ்சில்லாத மெல்லிய துணி, ரோச் லைற் ஒன்று. மேசையில் வெள்ளைத் துவாய் விரித்தால் விழும் திருகாணி உருண்டோடாது. ஐஸ் கட்டி செய்யும் தட்டு ஒன்று இருந்தால் மிகவும் நல்லது. கழற்றும் ஒழுங்கில் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு பாகத்தைப் போடலாம். பொருத்தும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு.

தட்டுகள் இறுகியிருந்தால் பலம் பிரயோகிக்கக் கூடாது. லைற்றருக்கு ஊற்றும் பெற்றோலில் ஒரு துளியை விளிம்பில் விட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும். தகடுகளில் படிந்த எண்ணெயையும் பழைய கிறீஸையும் கழுவுவதும் இதாலேயே. இது சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் நெருங்காத வேளையில் செய்ய வேண்டும்.

திருகுப் புரியைப் பிரிக்கும்போதே பெரும்பாலானோர் தவறு விடுகிறார்கள். அந்தப் புரிக்குப் பல தொடக்கங்கள் உண்டு. எந்தத் தொடக்கத்திலும் அது உள்ளே போகும், ஆனால் ஒன்று மட்டுமே சரியானது. ஆகவே இரண்டு பகுதியும் பிரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி, இரண்டிலும் நேருக்கு நேராக ஓர் அடையாளம் கீறிக்கொள்ள வேண்டும். அடையாளம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எட்டுத் தகடுகளையும் மீள அடுக்குவது பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு தகட்டின் இரு முனையிலும் சிறு முளை உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசித் தகட்டின் ஓரத்தை முதல் தகட்டுக்குக் கீழே செருக வேண்டும். கிடுகு பின்னிப் பழகியவர்களுக்கு இது விரைவில் பிடிபடும்.

எல்லாம் பொருத்தியபின் தூரப் பார்வையைச் சோதிக்க வேண்டும். தூரத்திலுள்ள நீர்த்தாங்கியையோ தொலைபேசிக் கோபுரத்தையோ பார்த்து, வளையம் அதன் கடைசி அடையாளத்தில் நிற்கும்போது அது தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உடலுக்குள் தொகுதி இருக்கும் தூரம் சரியில்லை. வில்லையால் ஒருபோதும் சூரியனைப் பார்க்கக் கூடாது. வில்லையை வெயிலில் திறந்தபடி வைத்தால் அருகிலுள்ள துணியோ கடதாசியோ எரியவும் கூடும்.

எமது காலநிலையின் எதிரி

ஜேர்மனியிலோ ரஷ்யாவிலோ உள்ளவர்களைவிட எமக்குப் பங்கசுத் தொல்லை அதிகம். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பங்கசு வளரத் தொடங்கும். எமது நாட்டில் மாரிகாலம் முழுவதும் அப்படித்தான். இருட்டும் காற்றோட்டமின்மையும் அதற்கு இன்னும் வசதி. கமராவைத் தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று நாங்கள் நினைக்கிறோம். பங்கசுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆரம்ப நிலையில், தனிக் கண்ணாடிகளில் உள்ள பங்கசை ஐதரசன் பேரொட்சைட்டும் ஐதான அமோனியாவும் சம அளவில் கலந்த கலவையால் துடைத்து எடுக்கலாம். இறப்பர்க் கையுறை அவசியம். காற்றோட்டம் அவசியம். அமோனியாவை வெளுக்கும் திராவகத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, அதிலிருந்து நச்சுவாயு எழும். பங்கசு நீண்டகாலம் இருந்தால் அதன் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். அந்தத் தழும்பைத் துடைத்து எடுக்க முடியாது. அப்போதுதான் மாற்றுக் கண்ணாடி தேவைப்படுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. சில பழைய வில்லைகளின் கண்ணாடியில் தோரியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்திருக்கிறது. ஜப்பானில் செய்யப்பட்ட சுப்பர் டாக்குமார் 50 மில்லிமீற்றர் வில்லைகளில் ஒரு வகை அதற்கு உதாரணம். காலப்போக்கில் அத்தகைய கண்ணாடி மஞ்சளாகிவிடும். அவற்றைப் பாவிப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் உடைந்த துண்டைக் கையாளுவதோ கண்ணாடியைத் தேய்ப்பதோ கூடாது, அதன் தூள் உடலுக்குள் போகக் கூடாது.

உழைப்பும் வருமானமும்

வாழ்வாதாரம் என்றதும் பெண்களுக்குத் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஊரில் பத்துப் பேர் தைத்தால் யாருக்குத் தைப்பது? நுண்கருவிகளைத் திருத்துவது ஆண்களின் வேலை என்றொரு எண்ணம் எம்மிடையே இருக்கிறது. அது சரியல்ல. யுத்தகாலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் சோவியத் ஒன்றியத்திலும் கண்ணாடி தேய்த்தும் வில்லை பொருத்தியும் வேலை செய்தவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். அதே கைகளைப் பின்னாளில் வேறு வேலைக்கு அனுப்பினார்கள் என்பது வேறு கதை.

இது இருந்தபடி செய்யக்கூடிய வேலை. காலில் காயமுற்றவர்களும் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களும் செய்யலாம். கிட்டப்பார்வையும் கை நடுங்காமையும் வேண்டும். தையல் தெரிந்தவர்களுக்கு அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய கமரா வில்லை திருத்துவதால் மட்டும் ஒரு குடும்பத்தைக் கொண்டுநடத்துவது எமது பிரதேசங்களில் கடினம். வாடிக்கையாளர் குறைவு. கடன் எடுத்து, இருக்கும் தொழிலை விட்டு இதில் இறங்க வேண்டாம். இதில் பழகிய கை வேறு கருவிகளுக்கும் உதவும் என்பதே இதன் பயன். பாடசாலை ஆய்வுகூடங்களில் உள்ள நுணுக்குக்காட்டிகளிலும் அதே பங்கசுதான் பிடிக்கிறது. தூரநோக்கிகளிலும் அதே இறுகிய கிறீஸ்தான். ஸ்ரூடியோக்காரரின் கமராக்களுக்கும் மழைகாலம் ஒன்றுதான். இவற்றைச் சுத்தம் செய்து கொடுக்க ஊரில் ஒருவர் இருந்தால் தேடி வருவார்கள்.

விற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வில்லையின் இலக்கம் அதன் முன் வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சோவியத் வில்லைகளில் அந்த இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைக் குறிக்கும். அந்த வளையமோ முதலில் கழன்று வருவது. ஆகவே பாகம் மாற்றிய வில்லையில் வளையம் ஓர் ஆண்டைச் சொல்லும், உள்ளே இருக்கும் கண்ணாடி இன்னோர் ஆண்டில் செய்ததாக இருக்கும். இதை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. எது எதிலிருந்து வந்தது என்று ஒரு சிறு துண்டில் எழுதிக் கொடுத்தால் நம்பிக்கை வளரும், அடுத்த வேலையும் வரும்.

ஒரு படத்தின் பெறுமதி

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து தெருவோரங்களில் நாம் கண்ட தாய்மாரின் கைகளில் இருந்தது என்ன? ஒரு புகைப்படம். அடையாள அட்டைக்கு எடுத்தது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, யாரோ ஒருவரின் கலியாண வீட்டில் ஓரத்தில் நின்றது. பிள்ளை இருந்தான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி பலரிடம் இல்லை. அந்தப் படங்கள் பலவும் ஊர் ஸ்ரூடியோக்களின் இத்தகைய சாதாரண வில்லைகள் ஊடாக வந்தவை.

அதனால்தான் இந்தச் சிறிய தொழிலைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் பழைய கமரா ஒன்று இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். தோல் உறையை நீக்குங்கள். உள்ளே படச்சுருள் இருக்கிறதோ என்று தெரியாமல் பின் கதவைத் திறக்காதீர்கள். சுற்றும் பிடியை மெதுவாகப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், இறுக்கம் தெரிந்தால் சுருள் இருக்கக்கூடும். அப்படியானால் ஸ்ரூடியோவில் கொடுத்து இருட்டறையில் எடுப்பியுங்கள். எடுக்கப்பட்டும் கழுவப்படாத படம் அதில் இருக்கலாம். வில்லையை ரோச் வெளிச்சத்தில் பார்த்து, சிலந்தி வலைபோல ஏதும் தெரிந்தால் மற்றப் பொருட்களிலிருந்து பிரித்து வையுங்கள். நல்லதாக இருந்தால் மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, ஈரம் ஏறிய பைகளைக் காலத்துக்குக் காலம் மாற்றுங்கள்.

திருத்த முடியாது என்று யாரும் சொன்னால், எறிவதற்கு முன் இன்னொருவரிடம் கேளுங்கள். அப்படியும் முடியாவிட்டால், அதை இன்னொரு வில்லைக்குப் பாகமாகக் கொடுக்க உங்களுக்கு மனம் இருக்கிறதா என்று யோசியுங்கள். மனம் இல்லையென்றால் வைத்திருங்கள், அதுவும் சரிதான். கொடுத்தால், எங்கோ ஒரு வீட்டில் இன்னொரு பிள்ளையின் படம் அதனூடாக வரும்.